பதின்மூன்று ஆணி

ஆம்பூரிலிருந்து வந்து இறங்கின
இருபத்திரண்டு ஜோடி பூட்ஸ்.
கறுப்புத் தோல், இரட்டை அடித்தோல்,
மெழுகேற்றிய நூலில் தையல்.
அடி மட்டும் மொழுமொழுவென்று,
எந்தச் சேற்றையும் மிதிக்காத அடி.

"மேல பாத்தாப் போதும்மா, அடியை யாரு பாக்கப் போறா"
என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.
கேட்பார்கள் என்றேன்.
நாற்பத்திரண்டில் பட்டாளம் தெருவுக்குள் வந்தபோது
கதவைச் சாத்திக்கொண்டு நின்றவர்களுக்கு
அது முகமில்லை, சட்டையில்லை,
சத்தம்.

காரைக்குடியில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
கொண்டை ஆணியா? கதவுக்கா, கட்டிலுக்கா?
காலுக்கு.
கடைக்காரர் என் காலைப் பார்த்தார்.
கடைசியில் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது
ஒரு சாக்குப்பை,
டிக்கெட் எடுத்தவர் காலடியில் உட்கார்ந்து.

ஒரு காலுக்குப் பதின்மூன்று.
முன்நுனியில் பிறைத் தகடு.
குதிகாலில் லாடம்;
மாட்டுக்கு இரண்டு துண்டு,
மனிதனுக்கு ஒன்றே, வாய் பிளந்தபடி.

பள்ளத்தூர் வீட்டுப் பின்கட்டில்
இரும்புக் காலின் மேல் கவிழ்த்து அடித்தேன்.
முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவது உள்ளே போய் எட்டிப் பார்த்தது.
மூன்றாவது
என் கட்டைவிரல்.
அதன்பின் துளையிட்டு அடித்தேன்.
ஐந்நூற்று எழுபத்திரண்டு.
ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கைவிட்டுத் தடவினேன்
பொந்துக்குள் முட்டை தேடுகிறவள் மாதிரி,
முனை ஏதும் தட்டுப்படக் கூடாதென்று.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சேவுகப்பன் வந்தார்.
ஒன்றைப் புரட்டினார். நகத்தால் தட்டினார்.
"இது உள்ள வராது."
முகப்பில் இத்தாலி மார்பிள்,
இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல்,
கோலாலம்பூரிலிருந்து வீடியோ காலில்
தினமும் தரையை விசாரிக்கிற முதலாளி.
டைரக்டர் கெஞ்சினார், கத்தினார், டீ குடித்தார்.
முடிவில்
முழங்காலுக்கு மேலே பட்டாளம்.
கீழே, பூட்ஸைச் சுற்றிக் கட்டிய பழைய துண்டுகளில்
இருபத்திரண்டு பூனைகள்.

அப்போதுதான் பார்த்தேன்,
நிலைப்படிக்கு உட்புறம், மார்பிளில்
அரைவட்டமாய் ஒரு பழைய கீறல்.
நெஞ்சு ஒருமுறை எகிறியது.
யாரோ ஒருவன், குதிகாலில் திரும்பி,
இங்கே, இதே இடத்தில்...
லாடத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
"பீரோ இழுத்தது," என்றார் சேவுகப்பன்,
"எண்பத்தாறுல. கல்யாணத்துக்கு."

வெளியே தெருக்காட்சி. துண்டுகளை அவிழ்த்தோம்.
"ஆக்‌ஷன்" சொல்லி ஐந்தாவது அடியில்
வாசல் கருங்கல் படியில் சறுக்கினான் பூவலிங்கம்,
குன்றக்குடிப் பையன், ஒருநாள் சிப்பாய்.
ஆணி மண்ணுக்குப் பல், கல்லுக்கு எண்ணெய்.
நான் சேர்த்துவைத்த எந்தப் போட்டோவிலும்
விழுந்த சிப்பாய் இல்லை.
எல்லாரும் நேராக நிற்கிறார்கள்.
பூவலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"அக்கா, இதோட ரங்கூன் வரைக்குமா நடந்தாங்க?"

ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு
ஒன்பதாம் நம்பர் ஜோடியில் பஞ்சடைத்து
என் ஐந்தாம் நம்பர் காலை நுழைத்தேன்.
தார்ச்சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள்.
ஒரு அடி வைத்தால்
இந்தச் சுவர் அந்தச் சுவரிடம் சொல்லி
அது திரும்பிச் சொல்லி
நாலு பேராக நடந்தேன்.
நாய்கள் முதலில் குரைத்தன,
அப்புறம் குரைக்கவில்லை.
அது இன்னும் மோசமாக இருந்தது.
நின்றேன். எனக்கே
கதவு சாத்த வேண்டும் போலிருந்தது.

முக்கில் டீக்கடைக்காரர் பாலை இறக்கிவிட்டு
வெளியே வந்து நின்றார்.
"நீங்களா? லாடங்கட்டின மாடு
அவுத்துக்கிட்டு வருதுன்னு நெனச்சேன்."

காலையில் எண்ணினேன்.
இடது காலில் பன்னிரண்டு.
பத்து மணிக்கு சேவுகப்பன்
டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
உள்ளங்கையை விரித்தார்.
பஞ்சருக்கு எண்பது ரூபாய்
நானே கொடுத்தேன்.
கணக்கில்
"போர்ச் செலவு" என்று எழுதினேன்.